ஆயிரம் பொய்யும் ஒரு மெய்யும்

ஞாயிறு திருப்பலி முடியும் தறுவாயில், இறுதி ஆசீருக்கு முன்னர், பங்குத்தந்தை ஒரு தாளைக் கையில் எடுக்கிறார். கலியாண ஓலை வாசிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கோவிலில் ஓர் அசைவு. வெளியே செல்ல எழுந்தவர்களும் நின்று செவிசாய்க்கின்றனர். மணமகன் இன்னாரின் மகன், மணமகள் இன்னாரின் மகள், இது முதல் அறிக்கை என்று வாசித்தபின், கடைசியாக ஒரு வாக்கியம் வருகிறது. இத்திருமணத்திற்குத் தடை ஏதும் உண்டென அறிந்தவர்கள் அதனைப் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்கள் என்பதே அது. ஆனால் அதற்குள் நம்மவர் பலர், பெண் எந்த ஊர், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று பக்கத்தில் இருப்பவரிடம் விசாரிக்கத் தொடங்கிவிடுகின்றனர்.

அந்த ஒரு வாக்கியத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. மறைவில் நடந்த மணங்களால் விளைந்த தீமைகளைக் கண்ட திருச்சபை, 1215-ஆம் ஆண்டு கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கத்தில், மணத்திற்கு முன் பொது அறிவிப்புச் செய்யவேண்டும் என்று விதித்தது. 1563-ஆம் ஆண்டு திரெந்து பொதுச்சங்கம் அதனை உறுதிப்படுத்தி, அடுத்தடுத்த மூன்று கடன் திருநாள்களில் அறிவிக்கவேண்டும் என்று வரையறுத்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, அறிவிப்பின் முறையை அந்தந்த நாட்டு ஆயர் பேரவையின் முடிவுக்கு விட்டிருக்கிறது. எனினும், தடை அறிந்தவர் அதனைத் தெரிவிக்கவேண்டும் என்ற கடமையை விசுவாசிகள் அனைவர்மீதும் அது சுமத்தியே இருக்கிறது. மணவாழ்வு மெய்யின்மேல் எழவேண்டும் என்பதில் திருச்சபைக்கு அத்துணை அக்கறை.

ஆனால் நம் ஊர்வழக்கில் வேறொரு சட்டம் நடமாடுகிறது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தை முடி என்பதே அது. ஆயிரம் பேரிடம் போய்ச் சொல்லி மணத்தை நடத்து என்பதுதான் நாளடைவில் திரிந்து பொய்யாயிற்று என்று விளக்கம் கூறுவாரும் உளர். பழமொழியின் பிறப்பு எவ்வாறாயினும், நடைமுறையில் நாம் தேர்ந்துகொண்டது பொய்யைத்தான். வள்ளுவரையும் இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். வாய்மை என்னும் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் மெய்யின் இடத்தைப் பெறும் என்று அவர் சொன்னது உண்மையே. ஆயினும் குற்றமற்ற நன்மை என்ற நிபந்தனையை மறந்துவிட்டு மற்றதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறோம். திருமணப் பேச்சில் சொல்லப்படும் பொய் அப்படிப்பட்ட நன்மையைத் தருகிறதா? நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்டவர்களின் இசைவைப் பெற்று, ஊரும் பெயரும் விடுத்து இதனை எழுதுகிறோம்.

மாத்திரையை மறைத்த மகள்

நாம் குருப்பட்டம் பெற்றுச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். பங்கில் ஒரு நல்ல குடும்பம். அவ்வீட்டுப் பெண்ணுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளையின் தந்தை பங்கு இல்லத்திற்கு வந்து, "பெண் வீடு எப்படி சாமி?" என்று வினவினார். "ஞாயிறு பூசை தவறாத குடும்பம். பெண் அடக்கமானவள். பாடற்குழுவில் இருக்கிறாள்" என்றோம். நாம் சொன்ன அத்தனையும் உண்மை. ஆனால் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், திருவிழாத் தேர்ப்பவனியின்போது அந்தப் பெண் மயங்கி விழுந்து, கைகால் வெட்டி இழுத்ததையும், வேப்பமர நிழலில் அவளைக் கிடத்தியபோது அவள் தாய் முந்தானையால் அவள் முகத்தை மூடி மறைத்ததையும் நாம் கண்ணாரக் கண்டிருந்தோம். அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. நமக்கேன் பொல்லாப்பு என்று இருந்துவிட்டோம்.

திருமணம் சிறப்பாக நடந்தேறியது. நாமே மந்திரித்து வைத்தோம். புகுந்த வீட்டிற்குப் புறப்படும் முன்னர் தாய் மகளிடம், "அங்கே மாத்திரை சாப்பிடாதே. யாராவது பார்த்துவிட்டால் நம் மானம் போய்விடும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். பல ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் உட்கொண்ட மருந்தை அவள் திடீரென நிறுத்தினாள். மூன்றாம் வாரம், அடுப்படியில் சோறு வடிக்கும் வேளையில் வலிப்பு வந்தது. கொதிக்கும் கஞ்சி இடக்கையிலும் மார்பிலும் கொட்டியது. மருத்துவமனையில் ஒரு மாதத்திற்கு மேல் கிடந்தாள்.

இரு வீட்டாரும் பங்கு இல்லத்தில் கூடினார்கள். குற்றச்சாட்டுகள் பறந்தன. மாப்பிள்ளையின் தந்தை நம்மைப் பார்த்து, "உங்களிடமும் கேட்டேனே, சாமி" என்றார். அந்தச் சொல்லுக்கு அன்றும் நம்மிடம் விடை இல்லை; இன்றும் இல்லை. எல்லாரும் பேசி ஓய்ந்தபின், அதுவரை தலைகுனிந்து அமர்ந்திருந்த இளைஞன் மெல்லச் சொன்னான்: "என் மனைவி எனக்குப் பயந்து மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். நான் அவ்வளவு பொல்லாதவனா, சாமி?"

அவன் அவளைக் கைவிடவில்லை. இன்று அவர்களுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மருந்து ஒழுங்காகத் தொடர்கிறது. வலிப்பு வந்து பல ஆண்டுகளாகின்றன. ஆனால் பெண்ணின் தந்தை, சம்பந்தி வீட்டு வாசலை மிதிக்க நாணி, பேரக்குழந்தைகளைக் கோவிலில் மட்டுமே பார்த்து மகிழ்ந்து, அப்படியே கண்ணை மூடினார். ஒரு பொய்யின் வட்டியை அவர் சாகும்வரை கட்டினார்.

பொய் யாரை அவமதிக்கிறது?

அந்த இளைஞனின் கேள்வியை நாம் பலநாள் சிந்தித்ததுண்டு. பொய் சொல்கிறவர், தம் மகளின் மானத்தைக் காப்பதாக எண்ணுகிறார். உண்மையில் எதிரில் இருப்பவரைப்பற்றி அவர் ஒரு தீர்ப்பு எழுதிவிடுகிறார். உண்மையைத் தாங்கும் மனம் உனக்கு இல்லை, நீ சிறியவன் என்பதே அத்தீர்ப்பு. பெரியவனாக இருக்கும் வாய்ப்பே அவனுக்குத் தரப்படவில்லை. நேர்மை, மதிப்பு என்று இரண்டாகப் பிரித்துப் பேசுகிறோம். ஒருவரிடம் உண்மையைச் சொல்வதே அவரை மதிப்பதன் முதற்படி என்பதை அந்த இளைஞனிடம் கற்றோம்.

திருச்சபையின் சட்டமும் இதனை உணர்ந்திருக்கிறது. சம்மதத்தைப் பெறுவதற்காகவே திட்டமிட்டு ஏமாற்றி, இயல்பிலேயே மணவாழ்வின் தோழமையைக் கடுமையாகக் குலைக்கக்கூடிய ஒரு தன்மையை மறைத்து நடத்தப்படும் திருமணம் செல்லாது என்று 1983-ஆம் ஆண்டின் தொகுப்பு 1098-ஆம் எண்ணில் கூறுகிறது. 1917-ஆம் ஆண்டின் பழைய தொகுப்பில் இத்தகைய விதி இல்லை. மலட்டுத்தன்மை திருமணத்திற்குத் தடையன்று என்று கூறும் 1084-ஆம் எண்கூட, ஏமாற்றுதல் குறித்த இந்த விதிக்கு உட்பட்டே அதனைக் கூறுகிறது. அதாவது, குறை தடையாகாத இடத்திலும் அக்குறையை மறைத்த வஞ்சகம் தடையாகலாம். இதனைப் படித்துவிட்டு, மாப்பிள்ளையின் சம்பளத்தில் இரண்டாயிரம் கூட்டிச் சொன்னார்கள், ஆகவே கலியாணம் செல்லாது என்று யாரும் புறப்பட்டுவிட வேண்டா. எது கடுமையான வஞ்சகம் என்பதைத் தீர விசாரித்து முடிவு செய்வது திருச்சபையின் தீர்ப்பு மன்றத்தின் பொறுப்பு.

மறைப்பது பெண் வீட்டார் மட்டுமா என்றால், அன்று. மகனின் குடியை மறைக்கும் பெற்றோர் எத்தனை பேர்! எப்போதாவது நண்பர்களோடு என்று தொடங்கி, ஒரு கால்கட்டுப் போட்டுவிட்டால் திருந்திவிடுவான் என்று முடிப்பார்கள். அயலான் மகளைத் தம் மகனின் நோய்க்கு மருந்தாக வாங்குகிறோம் என்பது அவர்கள் நினைவில் தட்டுவதில்லை. மருந்து பலிக்காதபோது பழியும் அவள்மேலேயே விழுகிறது. அடைக்க முடியாத கடன், முன்பே நடந்து முறிந்த மணம், இல்லாத வேலை ஆகிய அனைத்தும் இவ்வரிசையைச் சேர்ந்தவை.

பொய்யர்களை உண்டாக்குகிறவர் யார்?

இவ்வளவும் சொல்லிவிட்டு, அந்தத் தாயை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோமானால் அதுவும் நேர்மையாகாது. அவர் ஏன் பொய் சொன்னார்? உண்மை சொன்ன வீடுகளுக்கு ஊர் என்ன செய்தது என்பதை அவர் பார்த்திருந்தார். வலிப்பு என்ற சொல் ஒருமுறை வெளியே போனால், அந்தப் பெண்ணுக்கு மட்டுமன்றி அவள் தங்கைக்கும் வரன் நின்றுபோகும். பேய் பிடித்தது என்பார்கள், பரம்பரைச் சாபம் என்பார்கள், தொட்டால் ஒட்டும் என்பார்கள். மெய்க்கு ஊர் விதிக்கும் தண்டனை அது. அந்த ஊரில் நாமும் இருக்கிறோம்.

வலிப்பு நோய் தொற்று நோயன்று. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு அது உண்டு என்றும், தக்க மருத்துவம் கிடைப்பின் அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழக்கூடும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. மருந்தைத் திடீரென நிறுத்துவதே பேராபத்து. கருவுறும் காலத்தில் சில மருந்துகள் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் ஆதலின், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லி மருந்தை மாற்றிக்கொள்ள வேண்டும். கணவனுக்குத் தெரியாமல் இதை எப்படிச் செய்வது? திருச்சபைச் சட்டத்தில் வலிப்பு நோய் திருமணத் தடையாக இல்லை. நாட்டின் சட்டத்திலும், 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்திலும் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருந்த வலிப்பு என்ற சொல், 1999-ஆம் ஆண்டு திருத்தத்தின் வழியாக நீக்கப்பட்டுவிட்டது. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது நம் திண்ணைப் பேச்சிலிருந்து இன்னும் நீங்கவில்லை.

யாருடைய உண்மை?

அப்படியானால், அன்று மாப்பிள்ளையின் தந்தை கேட்டபோது நாம் எல்லாவற்றையும் கொட்டியிருக்க வேண்டுமா? இந்த வினாவே பலரைக் குழப்புகிறது. நம் வாசகர்களுள் பலரிடமும், பக்கத்து வீட்டுப் பெண் எப்படி, உங்கள் அலுவலகத்துப் பையன் எப்படி என்று யாரேனும் விசாரித்திருப்பார்கள்.

1992-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எட்டாம் கட்டளையை விளக்கும் பகுதியில் இரு பாவங்களை வேறுபடுத்திக் காட்டுகிறது. இல்லாததைச் சொல்லி ஒருவரின் பெயரைக் கெடுப்பது ஒன்று. உள்ள குறையையே, தகுந்த காரணமின்றி, அறியாதவர்களிடம் வெளிப்படுத்துவது மற்றொன்று. உண்மையைத்தானே சொன்னேன் என்பது இரண்டாவது பாவத்திற்கு மன்னிப்பாகாது. அதே நேரத்தில், அறிய உரிமை உள்ளவரிடமிருந்து உண்மையை மறைப்பதும் குற்றமே.

நாம் கண்டுகொண்ட வழி இது. நோயைப்பற்றிய உண்மை முதற்கண் அந்தப் பெண்ணுக்கு உரியது. அறியும் உரிமை அவளை மணக்கப்போகிறவனுக்கு உரியது. நடுவில் நிற்கும் நம்முடைய வேலை, அதனை முதுகுக்குப் பின்னால் எடுத்துச் செல்வதன்று. அன்று நாம் மாலையில் அந்தப் பெண்ணின் வீட்டிற்குச் சென்று, "அம்மா, இதை நீங்களே சொல்லிவிடுங்கள். சொல்லும்போது துணைக்கு வேண்டுமானால் நாம் வருகிறோம். மருத்துவரையும் அழைத்துச் செல்வோம்" என்று சொல்லியிருக்க வேண்டும். கேட்டவரிடம், "அவர்களிடமே எல்லாவற்றையும் மனம்விட்டுப் பேசுங்கள். பேசாமல் நாள் குறிக்காதீர்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். இவ்விரண்டு நடைகளை நாம் நடக்கவில்லை. அந்தப் பெண்ணின் கையில் உள்ள தழும்பில் நமக்கும் பங்கு உண்டு.

இரகுவேலின் வீட்டில்

மணமக்கள் விரும்பித் தேர்ந்துகொள்ளும் திருமண வாசகங்களுள் தோபித்து நூலின் பகுதிகளும் உண்டு. அந்நூலில் வரும் சாரா என்னும் பெண், நம் ஊர்ப் பெண்களின் துயரத்தை முற்றும் அறிந்தவள். அவளுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட எழுவரும் முதலிரவிலேயே இறந்துபோயினர். பணிப்பெண்ணின் ஏச்சைத் தாங்கமாட்டாமல் உயிரை மாய்த்துக்கொள்ளவும் எண்ணினாள். பின்னர், தந்தைக்கு அது எவ்வளவு பெரிய துயரமாகும் என்று நினைத்து, சன்னலருகே நின்று ஆண்டவரை நோக்கி மன்றாடினாள். ஒரு நாவு எவ்வளவு தூரம் ஓர் உயிரைத் தள்ளும் என்பதை மறைநூலே காட்டுகிறது.

தோபியா பெண் கேட்டு வந்தபோது, சாராவின் தந்தை இரகுவேல் என்ன செய்தார்? எட்டாவதாக ஒரு நல்ல வரன் தானே தேடி வந்திருக்கிறது. உறவுக்காரப் பையன். வாயை மூடிக்கொண்டு முடித்துவிடலாம். ஆனால் அவர், உணவருந்தும் முன்பே, எழுவருக்கு நேர்ந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். தோபியாவோ அதனை வழியிலேயே அறிந்திருந்தான். எனினும் தந்தையின் வாயால் அது சொல்லப்பட வேண்டியிருந்தது. கேட்டபின்னும் அந்த இளைஞன் பின்வாங்கவில்லை. மணத்தை உறுதி செய்யாமல் உண்பதில்லை என்றான். இரகுவேல் அஞ்சாதவர் அல்லர். அன்றிரவே எதற்கும் இருக்கட்டும் என்று புதைகுழி ஒன்றைத் தோண்டச் செய்தவர் அவர். நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னார் என்பதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

அண்மையில் நம் பங்கில் நடந்த ஒன்றையும் இசைவோடு சொல்லி முடிக்கிறோம். குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று, இரண்டு ஆண்டுகளாக ஒரு சொட்டும் தொடாத இளைஞன் ஒருவன். தனக்குப் பெண் பார்க்கும் இடமெல்லாம் தானே அதைச் சொல்லிவிடுவது என்று உறுதிகொண்டான். முதல் வீட்டார் வேண்டா என்றனர். ஒரு வாரத்தில் தேநீர்க் கடை வரை செய்தி பரவியது. இரண்டாவது வீட்டாரும் வேண்டா என்றனர். ஆனால் அவ்வீட்டுத் தந்தை அவன் கையைப் பற்றி, "எங்களுக்குத் தைரியம் போதவில்லை தம்பி. நீ சொன்னது இந்த வாசலைத் தாண்டாது" என்றார். தாண்டவும் இல்லை. இருவரும் மறுத்தார்கள். ஆனால் இருவருக்கும் எவ்வளவு வேறுபாடு! ஒரு வரனை மறுக்கும் உரிமை எவருக்கும் உண்டு. மறுத்ததன் காரணத்தை ஊருக்கு விளம்பும் உரிமை எவருக்கும் இல்லை.

மூன்றாவது வீட்டுப் பெண், பங்கு இல்லத்தில் அவனோடு பேசவேண்டும் என்றாள். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மறுபடியும் குடிக்கத் தோன்றினால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்?" அவன், "என்னோடு சிகிச்சை பெற்ற ஒரு நண்பர் இருக்கிறார். இதுவரை அவரிடம் சொல்லி வருகிறேன். இனி உங்களிடமும் சொல்வேன்" என்றான். மூன்று ஞாயிறுகளில் அவர்களுடைய ஓலையை வாசித்தோம்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளையின் குறையை மறைத்து ஒரு வீட்டிற்குள் அனுப்பாதீர்கள். மறைக்கும் சுமையை ஆயுள் முழுதும் சுமக்கப் போவது அந்தப் பிள்ளைதான். மணம் பேசும் இளைஞர்களே, நாள் குறிக்கும் முன் ஒருவரையொருவர் நேரில் பேசுங்கள். சொல்லவேண்டியதை வேறு யாரும் சொல்லும்முன் நீங்களே சொல்லுங்கள். அயலாரே, உங்களை நம்பி ஒருவர் உண்மையைச் சொன்னால், அதனை நற்கருணைப் பேழையைப் பூட்டுவதுபோல் பூட்டி வையுங்கள். உங்கள் கண்முன் யாரேனும் வலிப்பு வந்து விழுந்தால், கையில் இரும்பைத் திணிக்காமல், வாயில் எதையும் வைக்காமல், ஒருக்களித்துப் படுக்கவைத்து, எழும்வரை அருகில் இருங்கள். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். எழுந்தபின் அவருடைய முகத்தை மூட வேண்டிய தேவை அவருடைய தாய்க்கு ஏற்படாதவாறு நடந்துகொள்ளுங்கள்.

புனித சூசையைப்பற்றி நற்செய்தி நமக்குச் சொல்லும் முதற்செய்தி, அவர் நேர்மையாளர் என்பதும், ஆகவே மரியாவை இகழ்ச்சிக்கு உள்ளாக்க விரும்பவில்லை என்பதுமே. தமக்கு விளங்காத ஒன்றை அவர் தெருவுக்குக் கொண்டுவரவில்லை. உண்மை விளங்கியபோது மனைவியை ஏற்றுக்கொள்ளத் தயங்கவும் இல்லை. நேர்மையும் மதிப்பும் துணையும் ஒரே நெஞ்சில் குடியிருக்க முடியும் என்பதற்கு அந்தத் தச்சரே சான்று.

வரும் ஞாயிறு ஓலை வாசிக்கப்படும்போது அந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்றுச் செவிகொடுத்துக் கேளுங்கள். அந்த இருவருக்காகவும் ஒரு மங்கள வார்த்தை செபம் சொல்லுங்கள். சொல்லவேண்டிய உண்மை ஒன்று அவர்களிடையே இன்னும் சொல்லப்படாதிருப்பின், அதைச் சொல்லும் துணிவை அவர்களுக்கும், அதைக் கேட்டபின் காக்கும் பண்பை நமக்கும் இறைவன் அருள்வாராக.